ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

இரவு நேரம். ஒரு வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது. கேமரா வெளியிலேயே நின்றுவிடுகிறது, நாமும் அதனோடு இருட்டில் நிற்கிறோம். உள்ளே ஒரு கணவன், ஒரு மனைவி. அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். முகம் கோணுகிறது, வாய் மூடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தைகூடத் தெளிவாக வந்து சேரவில்லை. சண்டை என்று தெரிகிறது, எதற்காகச் சண்டை என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்து அவளை அடித்துவிடுகிறான். அவள் விழுந்த பிறகுதான் அவனுக்குத் தான் செய்தது உறைக்கிறது.

'ஒன் மோர் மைல் டு கோ' என்று பெயர். சினிமா இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தன் தொலைக்காட்சித் தொடருக்காகத் தானே இயக்கிய அரை மணி நேரக் கதை. 1957 ஏப்ரலில் ஒளிபரப்பானது. முதல் முறை பார்த்தபோது கணினியில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. நமக்குக் கேட்கக் கூடாது என்று ஹிட்ச்காக் முடிவு செய்திருக்கிறார். அவ்வளவுதான்.

அந்தக் காட்சி ஏன் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் 22 வருடமாக நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறேன். வரும் வேலையில் பாதி குடும்பநல வழக்கு. "மனுதாரருக்கும் எதிர்மனுதாரருக்கும் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு, உற்றார் உறவினர் முன்னிலையில் திருமணம் நடைபெற்றது" என்ற வரியை எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அடுத்த பத்தி "ஆரம்பத்தில் இருவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்து வந்த நிலையில்" என்று தொடங்கும். அதற்கு அடுத்ததில் கொடுமை வந்துவிடும்.

மனுவில் வராத விஷயங்கள் எல்லாம் பிரிண்ட் வரும்வரை எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது வரும். ஒரு அம்மா சொன்னது இப்போதும் மனதில் இருக்கிறது. "ராத்திரி அடுப்பை அணைச்சு, சிலிண்டரை மூடிட்டு வந்து படுப்பேங்க. அவர் எந்திரிச்சுப் போய் அதை ஒரு தடவை திருகிப் பார்த்துட்டு வருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். பதினோரு வருஷம், தினமும். இதை எழுத முடியுமா?" எழுத முடியாது. வக்கீல் எழுதிக் கொடுத்த நகலில் அது இல்லை. நானும் சேர்க்கவில்லை. அடி, வரதட்சணை, வேறு பெண் இதெல்லாம் இருந்தால் சட்டத்துக்குப் புரியும். திருகிப் பார்ப்பது புரியாது.

வீட்டுக்குப் போனதும் ராத்திரியில் இந்தப் பழைய கறுப்பு வெள்ளைக் கதைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று பட்டது. என் ஸ்டூலில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் கதையை, அந்தத் திருகிப் பார்க்கிற கதையை, இவர்கள் எடுத்திருக்கிறார்கள்.

'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசென்ட்ஸ்' 1955 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கியது. முதலில் அரை மணி நேரத் தொடர், 1962-க்குப் பிறகு ஒரு மணி நேரம், 1965-இல் முடிந்தது. மொத்தம் 360 கதைகளுக்கு மேல். ஹிட்ச்காக் இயக்கியது அதில் 18 மட்டும்தான். ஆனால் ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் அவரே வந்து நிற்பார். சில கோடுகளில் வரைந்த அவருடைய பக்கவாட்டு முகம் திரையில் இருக்கும், அதற்குள் அவர் நிழல் நடந்துவந்து பொருந்தும், பின்னணியில் குனோ என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒரு பொம்மையின் சவ ஊர்வலத்துக்கு என்று அமைத்த இசை ஓடும். அப்புறம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் விளம்பரதாரரைக் கிண்டல் செய்வார். அந்த முன்னுரைகளை எழுதிக் கொடுத்தவர் ஜேம்ஸ் அலர்டைஸ்.

அவரைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறவர் ஜோன் ஹாரிசன். தொடரின் தயாரிப்பாளர். 1933-இல் இங்கிலாந்தில் ஹிட்ச்காக்கிடம் செக்ரட்டரியாக வேலைக்குச் சேர்ந்தவர். கடிதம் பார்த்துக்கொள்ள வந்த பெண் கதை படிக்க ஆரம்பித்தார், திரைக்கதை எழுத ஆரம்பித்தார், ஆஸ்கர் பரிந்துரை வரை போனார், ஹாலிவுட்டில் பெண் தயாரிப்பாளர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலத்தில் தயாரிப்பாளர் ஆனார். பத்திரிகைகளிலும் தொகுப்புகளிலும் வந்த சிறுகதைகளைத் தேடிப் பிடித்து, இது அரை மணி நேரத்துக்குத் தாங்கும் என்று பொறுக்கி எடுத்தது அவரும் அவர் குழுவும்தான். மற்றவர்கள் எழுதியதைப் படித்தே வாழ்க்கை நடத்துகிற எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

அந்தப் பொறுக்கலில் குடும்பக் கதைகள் ஏராளம். தொடரின் முதல் கதையே ஒரு கணவன் மனைவியைப் பற்றியதுதான். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 'பேக் ஃபார் கிறிஸ்மஸ்'. 1956 மார்ச், ஜான் காலியரின் சிறுகதை, ஹிட்ச்காக்கே இயக்கியது.

ஹெர்பர்ட், ஹெர்மியோனி. இங்கிலாந்தில் வசதியான, நடுவயது தாண்டிய தம்பதி. கொஞ்ச நாளைக்கு அமெரிக்கா போகிறார்கள். கிறிஸ்மஸுக்குள் திரும்பி வந்துவிடுவோம் என்று ஹெர்மியோனி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டம் போடுகிறவள். எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும், யாருக்கு எப்போது சொல்லி அனுப்ப வேண்டும், கணவன் என்ன செய்ய வேண்டும், எல்லாம் அவள் கணக்கில் இருக்கும். அவன் நிலவறையில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறான். ஒயின் பாட்டில் வைக்க என்று சொல்கிறான். அவள் எட்டிப் பார்த்து அதற்கும் ஒரு யோசனை சொல்வாள். அவன் "சரி" என்பான். அந்தச் "சரி"யில்தான் கதையே இருக்கிறது. ஜான் வில்லியம்ஸ் என்ற நடிகர். 1954-இல் வந்த 'டயல் எம் ஃபார் மர்டர்' படத்தில் மனைவியைக் கொல்லத் திட்டம் போட்ட கணவனைக் கண்டுபிடிக்கும் போலீஸ் அதிகாரி இவர்தான். இங்கே அதே முகம், அதே நிதானம், ஆனால் குழி தோண்டுகிற பக்கத்தில்.

கொன்று புதைத்துவிட்டு அவன் மட்டும் கலிஃபோர்னியா போகிறான். ஊருக்குச் சந்தேகம் வராமல் இருக்க மனைவி எழுதுவது போலத் தானே கடிதம் தயார் செய்கிறான். இந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு யோசித்திருக்கிறேன். ஒருவர் பேசுவதைக் காது புளிக்கக் கேட்டு வெறுத்தவனுக்குத்தான் அவரைப் போலவே எழுத வரும். எந்த இடத்தில் அவள் அதிகாரம் பண்ணுவாள், எந்த இடத்தில் குழைவாள், எந்த வார்த்தையில் முடிப்பாள் என்று அவனுக்கு மனப்பாடம். அவ்வளவு வருடம் அவளைக் கவனித்திருக்கிறான். அன்பாக இருந்தவர்கள்கூட அப்படிக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் ஊரிலிருந்து அவன் பெயருக்கு ஒரு தபால் வருகிறது. வீட்டு வேலை எடுத்துச் செய்கிறவர்களின் கடிதம். அம்மையார் கிளம்பும் முன் ஏற்பாடு செய்தபடி நிலவறையைத் தோண்டி, ஒயின் அறை கட்டும் வேலை நடக்கப்போகிறது, நீங்கள் கிறிஸ்மஸுக்குத் திரும்பி வரும்போது முடிந்திருக்கும். கணவனுக்குக் கிறிஸ்மஸ் பரிசு. அவனுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்து வைத்திருந்திருக்கிறாள்.

மாட்டிக்கொண்டான், அதுதான் திருப்பம் என்று இந்தக் கதையைச் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. அவன் ஆசைப்பட்டது ஒரு ஒயின் அறை என்று அவள் நம்பியிருக்கிறாள். கேள்வி கேட்டாள், குறை சொன்னாள், ஆனால் அவன் ஆசையைக் குறித்து வைத்துக்கொண்டாள். தன் வழியில், பட்டியல் போட்டு, ஆள் அமர்த்தி, தேதி குறித்து அதை நிறைவேற்றப் பார்த்தாள். அவளுக்கு அன்பு செலுத்தத் தெரிந்த ஒரே மொழி நிர்வாகம். அவனுக்கு அந்த மொழி தண்டனையாகக் கேட்டது. இரண்டு பேரும் ஒரே குழியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலிங் அறைக்கு வெளியே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஹெர்மியோனி ஞாபகம் வருவாள்.

சரி, பிடிக்கவில்லை என்றால் பிரிந்து போகலாமே, ஏன் கொல்கிறார்கள்? அம்மா கேட்ட கேள்வி இது. நான் ராத்திரியில் பார்க்கும்போது அம்மாவும் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது, நடுநடுவே கதை சொல்வேன்.

அந்தக் கேள்விக்குக் கதைக்கு வெளியே ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்க ஒளிபரப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதிமுறை ஒன்று 1952 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. திருமணத்தின் புனிதத்தையும் குடும்பத்தின் மதிப்பையும் காக்க வேண்டும், விவாகரத்தை லேசாகக் காட்டக்கூடாது, குடும்பப் பிரச்சினைக்கு அது ஒரு தீர்வு என்று நியாயப்படுத்தக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கொலையைக் காட்டலாம், கொலைகாரன் தண்டனை பெற்றால் போதும். அதனால்தான் கதை முடிந்ததும் ஹிட்ச்காக் வந்து, அப்புறம் இவரைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார். பார்க்கிறவர்களுக்கும் தெரியும், அது கணக்குக்குச் சொல்வது என்று. ஆனால் ஒரு மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய், வேறு ஊரில் வேலை தேடி, நிம்மதியாக இருந்தாள் என்று ஒரு கதையை அவ்வளவு சுலபமாகக் காட்டிவிட முடியாது.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் 1966-இல் சட்டம் மாறும்வரை விவாகரத்துக்கு ஒரே காரணம்தான் செல்லும். கள்ள உறவு. அதை நிரூபிக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரத்துக்குப் போவார்கள். அங்கே ஆறு வாரம் தங்கினால் அந்த ஊர்க்காரர் ஆகிவிடலாம், விவாகரத்து கிடைத்துவிடும். யார் மேலும் குற்றம் சொல்லாமலே பிரியலாம் என்ற சட்டம் முதலில் கலிஃபோர்னியாவில் 1970 ஜனவரியில்தான் வந்தது. கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். தானே விவாகரத்தானவர், ஹிட்ச்காக் தொடர் ஓடிய அதே காலத்தில் இன்னொரு நாடகத் தொடரைத் தொலைக்காட்சியில் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தவர். நம் ஊர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தினமும் அந்தப் பிரிவு எண்களைத்தான் அடிக்கிறேன். இந்து திருமணச் சட்டம் 1955 மே மாதம் வந்தது, ஹிட்ச்காக்கின் தொடர் அதே வருடம் அக்டோபரில். இரண்டு பேரும் மனம் ஒத்துப் பிரியும் வழி 1976-இல்தான் இங்கே சட்டத்தில் ஏறியது.

ஆக அந்தக் கதைகளில் கொலை என்பது பிரிவதற்குப் போட்ட இன்னொரு பெயர் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதன் பிறகு பார்க்கும்போது கொலை பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தைய பத்து நிமிடம்தான் பயமாக இருக்கிறது.

விவாகரத்து என்ற பேச்சு நேராக வருகிற கதை 'லாம்ப் டு தி ஸ்லாட்டர்'. அங்கே அந்தப் பேச்சுதான் கொலைக்கே காரணம். எழுத்தாளர் ரோல்ட் டாலின் கதை, 1953-இல் வெளிவந்தது. அதை அவரே நாடகமாக்கிக் கொடுக்க, ஹிட்ச்காக் இயக்கி 1958 ஏப்ரல் 13 அன்று ஒளிபரப்பானது. பலருக்குத் தெரிந்த கதைதான். போலீஸ்காரக் கணவன் வீட்டுக்கு வருகிறான். கர்ப்பிணி மனைவி மேரி அவன் வரவுக்காகக் காத்திருக்கிறாள். உன்னை விட்டுப் போகிறேன் என்று சொல்கிறான். அவள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏதாவது செய்கிறேன் என்று போய், உறைந்து கல்லாகிக் கிடக்கும் ஆட்டுத் தொடையை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வருகிறாள். அதாலேயே அடித்துவிடுகிறாள். அந்தத் தொடையை அடுப்பில் வேக வைத்துவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு வந்து, போலீஸைக் கூப்பிடுகிறாள். ஆயுதத்தைத் தேடிக் களைத்த போலீஸ்காரர்களுக்கு அந்தக் கறியையே பரிமாறுகிறாள்.

டாலின் கதையில் கணவன் என்ன சொன்னான் என்பதை எழுத்தாளர் நமக்குச் சொல்வதே இல்லை. நாலைந்து நிமிடம் பேசினான் என்பதோடு சரி. அங்கேயும் நம்மை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார். தொலைக்காட்சியில் அப்படிச் செய்ய முடியாது, அவன் வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும். பார்பரா பெல் கெடஸ் மேரியாக அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற விதம்தான் எனக்கு அந்த அரை மணி நேரத்தின் உச்சம். அழவில்லை, கத்தவில்லை. கேட்டது காதுக்குள் போகாதது போலச் சமையலைப் பற்றிப் பேசுகிறாள். துக்க வீட்டில் வந்தவர்களுக்குக் காப்பி போட எழுந்து போகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதே முகம். இந்தக் கதை ஒளிபரப்பான அடுத்த மாதமே வெளியான 'வெர்டிகோ' படத்தில், கதாநாயகனை நேசித்துக்கொண்டே பக்கத்தில் நிற்கிற பெண்ணாக வருவதும் இவர்தான். காத்திருக்கிற முகம் அவருக்கு அப்படி வரும்.

அம்மா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வேறு ஒரு இடத்தைப் பிடித்தார்கள். "உறைஞ்ச தொடையை அப்படியே அடுப்புல வெச்சா மேல கருகிடும், உள்ள ரத்தம் நிக்கும்டி. பத்துப் பேர் உக்காந்து சாப்பிடற மாதிரி வேகணும்னா எத்தனை மணி நேரம் ஆகும் தெரியுமா? அத்தனை நேரமும் அவ அந்த வீட்டுலயே, அந்தப் பொணத்தோட, அந்தப் போலீஸ்காரங்க கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு உக்காந்திருக்கணும், பாரு."

நான் அதை யோசித்ததே இல்லை. திரையில் அது சில நிமிடம்தான். மேரிக்கு அது ஒரு ராத்திரி முழுக்க. வேகும் வாசனை வீடு முழுக்க வந்திருக்கும். ஒவ்வொருவரும் அடுப்பைத் தாண்டிப் போகும்போது அவள் பார்த்திருக்க வேண்டும். அம்மா சொன்ன பிறகு திரும்பப் பார்த்தேன். கடைசியில் போலீஸ்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே, ஆயுதம் இங்கேதான், நம் மூக்குக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். மேரி தனியாகச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கேமரா மெல்ல அவளை நோக்கிப் போகிறது. அவளுக்குச் சிரிப்பு வருகிறது. முன்பு அதை வெற்றிச் சிரிப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது களைப்பாகத் தெரிகிறது. ஒரு வீட்டில் அத்தனை மணி நேரம் முகத்தைக் காத்துக்கொண்டிருந்தவளுக்கு அது உடைகிற நேரம்.

ஆட்டுக்குட்டி யார் என்று தலைப்பு கேட்கிறது. அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஆட்டுக்குட்டி என்று பைபிளில் வருகிற வார்த்தை அது. பார்க்கிறவர் வீட்டு நிலவரத்தைப் பொறுத்துப் பதில் மாறும் என்று நினைக்கிறேன்.

அதே தொடரில் வந்த 'தி கிரிஸ்டல் டிரெஞ்ச்' (1959) பற்றி ஒரு வார்த்தை. பனிமலையில் விழுந்து இறந்த கணவனின் உடல் பனியாற்றோடு நகர்ந்து 40 வருடம் கழித்து வெளியே வரும் என்று கணக்கிட்டுச் சொல்கிறார்கள். மனைவி வேறு கல்யாணம் செய்துகொள்ளாமல் காத்திருக்கிறாள். உடல் வருகிறது, வயதே ஆகாமல். கழுத்தில் இருக்கும் லாக்கெட்டைத் திறந்தால் வேறு ஒரு பெண்ணின் படம். இதில் கொலையே இல்லை. இருந்தாலும் எல்லாவற்றையும்விடக் கொடூரமான கதை இதுதான், என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

இங்கிலாந்தில் 1979-இல் 'டேல்ஸ் ஆஃப் தி அன்எக்ஸ்பெக்டட்' என்ற தொடர் தொடங்கியது. ஆரம்பத்தில் டாலே கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதையை அறிமுகம் செய்வார். அதில்தான் 'தி வே அப் டு ஹெவன்'. ஜூலி ஹாரிஸும் ரோலண்ட் கல்வரும் நடித்தது. கதையை டால் எழுதியது 1954-இல், நியூயார்க்கில் நடக்கிற கதை.

திருமதி ஃபாஸ்டருக்கு எங்கேயாவது போக வேண்டும் என்றால் நேரமாகிவிடுமோ என்ற பதற்றம். ரயில், விமானம், நாடகம், எதுவானாலும். அரை மணி நேரம் முன்னாலேயே கோட்டு, தொப்பியோடு ஹாலில் நிற்பாள். கண்ணோரத்தில் ஒரு தசை துடிக்கும். கணவருக்கு அது தெரியும். அவர் கரெக்டாக ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ தாமதம் செய்வார். வண்டி தவறிவிடும்படி இல்லை, தவறிவிடுமோ என்று அவள் துடிக்கும்படி. அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது. அளந்து செய்வார். சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார். கேட்டால், கை கழுவப் போனேன் என்பார். மனுவில் என்ன எழுதுவது? "எதிர்மனுதாரர் கை கழுவச் சென்றார்" என்று எழுதலாமா? சிலிண்டரைத் திருகிப் பார்க்கிறவரை நான் இந்தக் கதையில்தான் பார்த்தேன்.

அவள் பாரிஸில் இருக்கும் மகளையும் பேரக்குழந்தைகளையும் பார்க்க ஆறு வாரம் போகிறாள். காரில் ஏறியாகிவிட்டது. மகளுக்கு ஒரு பரிசு வாங்கியிருந்தேன், உள்ளேயே வைத்துவிட்டேன் என்று அவர் திரும்ப வீட்டுக்குள் போகிறார். காத்திருக்கும்போது கார் சீட்டின் இடுக்கில் அவள் கைக்கு அந்தப் பெட்டி தட்டுப்படுகிறது. தானாக விழுந்தது போல இல்லை, அழுத்திச் சொருகியது போல ஆழத்தில் இருக்கிறது.

அந்தக் கணம்வரை அவளுக்கு உறுதியில்லை. வேண்டுமென்றே செய்கிறாரா, நானாகத்தான் தப்பாக நினைக்கிறேனா என்று அத்தனை வருடம் தன் மேலேயே சந்தேகப்பட்டிருக்கிறாள். இப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சந்தேகம்தான் பெரிய வேதனை. இப்போது கையில் அத்தாட்சி இருக்கிறது. அவள் இறங்கி ஓடுகிறாள், வாசல் கதவில் சாவியைப் போடுகிறாள், அப்படியே நிற்கிறாள். தலையைத் தூக்கி, அசையாமல், உள்ளே ஏதோ சத்தத்தைக் கேட்கிறாள். சில நொடிகள். பிறகு சாவியை எடுத்துவிட்டுக் காருக்குத் திரும்பி வந்து, நேரமாகிவிட்டது, கிளம்பலாம் என்கிறாள். கண்ணோரத் துடிப்பு நின்றுவிடுகிறது.

என்ன கேட்டாள் என்று கதை சொல்லாது. அவர் வீட்டு லிஃப்டில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டார் என்பதை, ஆறு வாரம் கழித்து அவள் திரும்பி வந்து லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களுக்கு ஃபோன் செய்யும்போதுதான் நாம் புரிந்துகொள்கிறோம். பாரிஸில் இருந்தபோது வாரம் ஒரு முறை அவருக்குக் கடிதம் போடுகிறாள். பேரக்குழந்தைகளைப் பற்றி, ஊரைப் பற்றி, நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று. அந்தக் கடிதங்கள் எல்லாம் கதவுக்கு உள்ளே தரையில் போய் விழுந்துகொண்டிருந்திருக்கும்.

ஆறு வாரம். நியூயார்க்கில் கணவனைப் பிரிய முடியாத ஒரு மனைவி ரீனோவில் தங்க வேண்டியிருந்ததும் அதே ஆறு வாரம். டால் அதை நினைத்துத்தான் எழுதினாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. ஆனால் கதை வந்த காலத்தில் படித்த நியூயார்க்காரர்களுக்கு, ஒரு பெண் ஆறு வாரம் வெளியூர் போய்விட்டுத் தனி ஆளாகத் திரும்பி வருகிறாள் என்றால் காதில் மணி அடித்திருக்கும்.

இந்தத் தொடர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு. நிறையக் கதைகளில் மனைவி என்றாலே நச்சரிக்கிறவள். குரல் கிறீச்சென்று இருக்கும், எதற்கெடுத்தாலும் குறை. அவள் செத்தால் பார்க்கிறவருக்கு வருத்தம் வராதபடி முதல் ஐந்து நிமிடத்திலேயே ஏற்பாடு செய்துவிடுவார்கள். கணவன் அமைதியானவன், பாவம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன்.

'ஒன் மோர் மைல் டு கோ' அதன் உச்சம். மனைவியின் உடலைச் சாக்கில் கட்டிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு அவன் ஏரிக்குப் போகிறான். வழியில் மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர் நிறுத்துகிறார். பின்விளக்கு எரியவில்லை, மாற்றிக்கொள் என்கிறார். நல்ல மனிதர், உதவிதான் செய்கிறார். டிக்கியைத் திறந்தால் உள்ளிருந்து விளக்கைச் சரி செய்துவிடலாம் என்கிறார். அவன் சாவி இல்லை என்கிறான். விளக்கு தானாக எரிகிறது, தானாக அணைகிறது. அந்தச் சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டு, எரி, எரிந்துவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான். எதிரே ஸ்டூலில் அத்தனை பெண்களை உட்காரவைத்துப் பேச்சைக் கேட்டவள், அவன் தப்பித்துப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஹிட்ச்காக்கின் கைத்திறன் அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திறனுக்கு அவர் செய்த முதல் வேலை, ஜன்னலைச் சாத்தி அவள் வார்த்தையை நம்மிடமிருந்து எடுத்துவிட்டதுதான். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தால் அந்த விளக்கை நான் அப்படிப் பார்த்திருக்க மாட்டேன். நச்சரிப்பு என்று தூரத்தில் தெரிகிற பேச்சு, பக்கத்தில் போய்க் கேட்டால் பதினோரு வருடச் சிலிண்டராகக்கூட இருக்கலாம்.

போன வாரம் அதைத் திரும்பவும் போட்டேன். அம்மா தூங்கிவிட்டார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, இயர்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, ஒலியை முழுக்க வைத்துக் கேட்டேன். முதலில் இரைச்சல், பிறகு கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் குரல் ஏறி இறங்குவது கேட்டது. கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும் ஓடவிட்டேன். அவள் அறைக்குக் குறுக்கே நடக்கிறாள், திரும்புகிறாள், அவன் முகத்தைப் பார்த்து நேராக ஏதோ கேட்கிறாள். கேள்விதான், தலை சாய்வதில் தெரிகிறது. அவன் பதில் சொல்லவில்லை. மறுபடியும் பின்னால் தள்ளினேன்.